‘இந்தியாவின் முதல் ரயில்’ என்று இன்னொரு முறை போடுவதற்கு முன்னால்: செங்குன்றம், 1837

செங்குன்றத்தான்:
காலையிலிருந்து எந்தக் குழுவைத் திறந்தாலும் ஒரே படம். “ஏப்ரல் 16, 1853. இந்தியாவின் முதல் ரயில் பம்பாய் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு ஓடிய நாள்.” இங்கேயும் மாட்டுங்கா மணி அதையே போட்டிருக்கிறார். மணி சார், அதுக்கு 16 வருஷம் முன்னாடியே, 1837-ல், மெட்ராஸில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரைக்கும் தண்டவாளத்தில் வண்டி ஓடியாச்சு. மெட்ராஸுக்கு ரோடு போடக் கல் ஏற்றி வந்த வண்டி. போட்டவர் ஆர்தர் காட்டன், அப்போ கேப்டன்.

எங்க ஊர் மண்ணை எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டினப்போ பக்கத்திலேயே உக்காந்து பார்த்தவன் நான். செம்புறாங்கல் பூமிக்குள்ள இருக்கிறவரைக்கும் கடப்பாரை சுலபமா இறங்கும். வெட்டி வெளியே போட்டா வெயில் பட்டுப் பட்டு இறுகிடும். கையில் ஒட்டின செம்மண் நாலு தடவை கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். அப்படிப்பட்ட ஊர்ல நாட்டோட முதல் தண்டவாளம் போட்டிருக்காங்க. ஒரு பாடப்புத்தகத்துலயாவது ஒரு வரி இருக்கா? எரியுது சார்.

மாட்டுங்கா மணி:
எரிஞ்சா மோர் குடிங்க. 1853-ல் 14 பெட்டி, 400 பேர், 34 கிலோமீட்டர், 21 குண்டு முழக்கம். இழுத்தது மூணு இன்ஜின்: சாஹிப், சிந்து, சுல்தான். பேரோட சொல்றேன். உங்க கல்லு வண்டியை இழுத்தது இன்ஜினா, மாடா? இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

செங்குன்றத்தான்:
இன்ஜின். வில்லியம் ஏவரி வகைச் சுழல் நீராவி இன்ஜின். பிஸ்டனே கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணி தெளிக்கிற சுழல் குழாயைப் பார்த்திருப்பீங்க, தண்ணி பீய்ச்சுற வேகத்துலேயே அது சுத்தும் இல்லையா? அதே தத்துவத்துல நீராவி பீய்ச்சிச் சுத்துற இன்ஜின். போதுமா?

மாட்டுங்கா மணி:
போதாது. இன்ஜின் இருந்ததுன்னு சொல்றீங்க. தினமும் இழுத்ததா? இருக்கிறது வேற, இழுக்கிறது வேற. எங்க சொசைட்டியில லிஃப்ட் கூடத்தான் இருக்கு.

பழைய பிடபிள்யூஐ:
இதுல நான் தலையிடக் கூடாதுன்னுதான் நினைச்சேன். பிடபிள்யூஐயா, அதாவது தண்டவாளப் பராமரிப்பு இன்ஸ்பெக்டரா, 31 வருஷம் லைன்ல நடந்தவன். மணி, இன்ஜின் இன்ஜின்னு ஏன் அடிச்சிக்கிறீங்க? ரயில்னா முதல்ல ரெயில்தான், அந்த இரும்பு. எங்க காலத்துல தள்ளு டிராலி இருந்தது. ரெண்டு டிராலிமேன் வெறுங்காலோட தண்டவாளத்து மேலயே ஓடித் தள்ளுவாங்க. வேகம் பிடிச்சதும் தாவி ஏறிப்பாங்க. நான், இன்னொரு ஆளு, சாமான் பெட்டி, சுத்தியல், எல்லாத்தையும் சுமந்துக்கிட்டு வண்டி பாட்டுக்குப் போகும். வெயில் காலத்துல அந்த இரும்பு அவங்க உள்ளங்காலை என்ன பண்ணும்னு நினைச்சுப் பாருங்க. அதே பாரத்தை மண் ரோட்டுல தள்ளச் சொல்லுங்க பார்க்கலாம். மாடே இழுத்திருந்தாலும், ரோட்டுல இழுக்கிறதைவிடப் பல மடங்கு கல்லை அந்த லைன்ல இழுத்திருக்கும். இரும்பு மேல இரும்பு உருண்ட அன்னிக்கே வேலை பிறந்தாச்சு.

மாட்டுங்கா மணி:
ஐயா மேல மரியாதை உண்டு. ஆனா தள்ளு டிராலிக்கு டிக்கெட் கொடுத்து யாரையாவது ஏத்தினீங்களா? கேள்வி மாறல. இன்ஜின் தினமும் இழுத்ததா இல்லையா?

செங்குன்றத்தான்:
டிக்கெட் பத்திப் பேசறீங்களா? உலகமே கொண்டாடுற ஸ்டாக்டன்–டார்லிங்டன் லைன், 1825. எதுக்குப் போட்டாங்க? நிலக்கரிக்கு. ஆரம்ப வருஷங்களில் அங்கே ஆட்களை ஏத்தின வண்டியை இழுத்தது குதிரை. அதை யாராவது குதிரை வண்டின்னு ஒதுக்கினாங்களா? இங்கிலாந்துக்காரன் நிலக்கரி இழுத்தா வரலாறு, செங்குன்றத்தில் கல் இழுத்தா கல்லு வண்டி. இந்தப் புத்தி எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியும்.

ரூர்க்கி பழைய மாணவன்:
இன்ஜின்தான் கணக்குன்னா ரெண்டு பேருமே தோத்தீங்க. 1851 டிசம்பர் 22. ரூர்க்கியில் கங்கைக் கால்வாய் வேலை. சோலானி ஆற்றுக்கு மேல கால்வாயையே பாலம் கட்டிக் கடத்தணும். அந்தக் கட்டுமானத்துக்கு மண் அள்ள ‘தாமஸன்’னு ஒரு நீராவி இன்ஜின் ஓடியது. தானேவுக்கு ஒரு வருஷத்துக்கும் மேல முன்னாடி. அந்தப் பாலத்துக் கல் சிங்கங்கள் பக்கத்தில் உக்காந்துதான் நாலு வருஷம் டீ குடிச்சேன்.

மாட்டுங்கா மணி:
அதுவும் மண்ணு வண்டி. பயணிகள் ரயில்னு நான் சொல்றேன்.

செங்குன்றத்தான்:
பார்த்தீங்களா! காலையில் போட்ட படத்துல “முதல் ரயில்”. மத்தியானம் “இன்ஜின் ரயில்”. ரூர்க்கி தம்பி வந்ததும் “பயணிகள் ரயில்”. சாயங்காலம் என்னவாகும்? போன வருஷமும் இதேதான். ராயபுரம் பத்தி எழுதினேன். 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில், தென்னிந்தியாவிலேயே முதல். போரிபந்தர் பழைய ஸ்டேஷன் இன்னிக்கு இல்லை, ராயபுரம் கட்டடம் அந்தத் தூண்களோட இன்னும் நிக்குதுன்னு சொன்னேன். அதுக்கு நீங்க “பழைய குடோன்” என்றீங்க. அந்த வார்த்தையை இன்னிக்கு வரைக்கும் திரும்ப வாங்கல. நான் மறக்கல.

மாட்டுங்கா மணி:
குடோன் மாதிரி வெச்சிருந்தா குடோன்னுதான் சொல்வாங்க. எங்க தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்து இந்த பம்பாய் லைனில் வேலை பார்த்தவர், அப்பாவும் அதே லைன். எனக்கு யாரும் ரயில் பாடம் எடுக்க வேண்டாம். இன்ஜின் தினமும் இழுத்ததா?

தூயதமிழ் வேந்தன்:
ஐம்பது பதிவுகளைப் படித்துவிட்டேன். ஒருவர்கூடத் தமிழில் எழுதவில்லை. ரயில் அன்று, தொடர்வண்டி. ரயில் பாதை அன்று, இருப்புப்பாதை. காவல் நிலையப் பலகையிலேயே ‘இருப்புப்பாதை காவல் நிலையம்’ என்றுதான் இருக்கிறது. மொழியைக் கொன்றுவிட்டு வரலாற்றுப் பெருமை பேசி என்ன பயன்?

செங்குன்றத்தான்:
வேந்தன் ஐயா, உங்களுக்கு நன்றி. தொடர்வண்டின்னா என்ன? ஒன்றைத் தொடர்ந்து ஒன்று கோத்த வண்டி. அந்தச் சொல்லுக்குள்ள இன்ஜினும் இல்ல, பயணியும் இல்ல. செங்குன்றத்தில் ஓடினது தொடர்வண்டி. இருப்புப்பாதையில்தான் ஓடியது. மணி சாருக்குத் தமிழே பதில் சொல்லிடுச்சு.

தூயதமிழ் வேந்தன்:
நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை. என் சொல்லை உங்கள் சண்டைக்குக் கருவியாக்க வேண்டாம். மேலும் “இன்ஜின்” என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள்.

பழைய பிடபிள்யூஐ:
தண்டவாளத்தைப் பிடிச்சிருக்கிற ஆப்புகளைத் தட்டிச் சரிபார்க்கிற கீமேனை என்னன்னு கூப்பிடறது வேந்தன்? சாவியாளரா? விடிகாலையில் சுத்தியலைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பற ஆளு முன்னாடி அப்படிச் சொல்லிப் பாருங்க, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

கூவக்கரை:
எல்லாரும் ஒண்ணை மறந்துட்டீங்க. செங்குன்றத்தான் தலையில் வெச்சுக் கொண்டாடற காட்டன், பிற்காலத்தில் ரயிலுக்கே எதிரி. ரயிலுக்குப் பணத்தைக் கொட்டாதே, கால்வாய் வெட்டு, பாசனமும் ஆச்சு போக்குவரத்தும் ஆச்சுன்னு பார்லிமென்ட் கமிட்டி வரைக்கும் போய் வாதாடினவர். அவர் சொன்னதுதான் சரி. பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்க. ஆந்திராவின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரைக்கும் போறது, அதுல ஒரு பகுதி 1876–78 பஞ்சத்துல கூலி வேலையா வெட்டினது. உப்பும் விறகும் படகுலயே மெட்ராஸுக்கு வந்தது. அந்தத் தண்ணிக்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டோம். படகு போன வழியை ரயிலே அடைச்சுது. இதுக்கு யார் பிறந்தநாள் கொண்டாடறது?

மாட்டுங்கா மணி:
சபாஷ் கூவக்கரை! ரயில் வேண்டாம்னு சொன்னவர்தான் இவங்களுக்கு ரயிலோட தந்தை.

செங்குன்றத்தான்:
ரயிலின் தந்தைன்னு நான் எங்கேயும் சொல்லல. மேலே போய்ப் படிங்க. 1837-ல் போட்டார்னு சொன்னேன். ஒருத்தர் பின்னாடி என்ன பேசினார்ங்கிறதால முன்னாடி செஞ்சது அழிஞ்சிடுமா? இன்னொண்ணும் சொல்றேன், அவர் வேலை தெரிஞ்சுதான் ரயில் வேண்டாம்னார். தண்டவாளம் போட்டுப் பார்த்தவர், கொள்ளிடத்துக்குக் குறுக்கே முக்கொம்பில் 1836-ல் அணை கட்டினவர், அப்புறம் கோதாவரியைக் கட்டினவர். ரெண்டையும் கையால் செஞ்சவருக்குப் பேச உரிமை இருக்கு.

கூவக்கரை:
அந்த முக்கொம்பு அணையில்தான் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகு அடிச்சிக்கிட்டுப் போச்சு.

பழைய பிடபிள்யூஐ:
180 வருஷம் நின்னதைச் சொல்லாம உடைஞ்சதை மட்டும் சொல்றியே தம்பி. பராமரிக்க வேண்டியவங்களைக் கேளு.

கூவக்கரை:
கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம் ஐயா. பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அதே கேள்விதான்.

ரூர்க்கி பழைய மாணவன்:
என் 1851-க்கு யாரும் பதில் சொல்லல.

மாட்டுங்கா மணி:
தம்பி, உன் மண்ணு வண்டிக்கு அப்புறம் வரேன். செங்குன்றத்தான், அணை, கால்வாய், தமிழ், குடோன், எல்லாம் பேசியாச்சு. என் கேள்வி அங்கேயே நிக்குது. இன்ஜின் தினமும் இழுத்ததா இல்லையா?

செங்குன்றத்தான்:
நீங்க முதல்ல “குடோன்”ஐத் திரும்ப வாங்குங்க. அப்புறம் இன்ஜின் பேசலாம்.

மாட்டுங்கா மணி:
வாங்க மாட்டேன்.

செங்குன்றத்தான்:
அப்போ ஏவரி இன்ஜின் பத்தி நாளைக்குத் தனி இழையே ஆரம்பிக்கிறேன். படம் வரைஞ்சு போடறேன், நீராவி எந்தப் பக்கம் பீய்ச்சுதுன்னு அம்புக்குறி போட்டு.

தூயதமிழ் வேந்தன்:
தலைப்பிலாவது பொறி என்று எழுதுங்கள்.