அட்லாண்டிஸ்ல டெய்லாவுக்கு அப்புறம் வேலையே இல்லையா?

துவாஸ்_சரக்கு

ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்ங்கிற விண்வெளி சீரியலை மறுபடி முதல்லேருந்து பாத்துட்டு வரேன். வேலை துவாஸ்ல, வீடு பாசிர் ரிஸ்ல. ரயில்ல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி. ஒரு எபிசோடு முடிஞ்சு அடுத்தது பாதி ஓடிடும்.

2004ல வந்தப்ப சண்டையும் விண்கப்பலும்தான் கண்ணுல பட்டுச்சு. இப்ப டெய்லாவைத்தான் பாக்கறேன், பாக்கப் பாக்க எரிச்சலா வருது.

முதல் எபிசோடுல அவங்க யாரு? அத்தோஸ் கிரகத்து சனமான அத்தோசியர்களோட தலைவி. தெரியாதவங்களோட வியாபாரம் பண்றதில்லைன்னு பூமியிலேருந்து வந்த நாயகன் ஷெப்பர்ட் கூட்டத்துக்கிட்ட முகத்துக்கு நேரா சொல்ற ஆளு. கதை நடக்கற பெகாசஸ் விண்மீன் மண்டலத்துல எந்தக் கிரகத்துல யார்கிட்ட எப்படிப் பேசணும், மனுஷங்க உயிரை உறிஞ்சற ரெய்த் வந்தா எங்க ஒளியணும், எல்லாம் அத்துப்படி. பூமியிலேருந்து வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

அப்புறம் 'சஸ்பிஷன்' எபிசோடு. போற இடத்துலெல்லாம் ரெய்த் காத்துக்கிட்டு நிக்கறான். உளவாளி யாருன்னு அத்தோசியர்களை ஒவ்வொருத்தரா உக்கார வெச்சு விசாரிக்கறாங்க. கடைசியில பாத்தா சிக்னல் அனுப்பினது டெய்லாவோட கழுத்துச் சங்கிலி. அதுவும் தூங்கிக்கிட்டு கிடந்தது, ஷெப்பர்ட் எடுத்துத் தொட்டப்பதான் முழிச்சுது! இது தெரியறதுக்குள்ள அந்த சனம் மனசு விட்டுப்போய் நகரத்தைக் காலி பண்ணிக்கிட்டு கரைக்குக் குடிபோகுது.

அதோட கதையும் அவங்களைக் கை கழுவிடுது. டெய்லாவுக்கு மிஞ்சினது ஷெப்பர்டுக்குக் கம்புச் சண்டை சொல்லிக் குடுக்கறது, புதுக் கிரகத்துல இறங்கினதும் இவங்களை எனக்குத் தெரியும்னு ஒரு வரி. ரெண்டாவது சீசன்ல ஜேசன் மொமோவா ரோனனா வந்ததும் சண்டையில பாதியும் அந்தப் பக்கம் போச்சு. ரேச்சல் லட்ரல் அத்தனை நல்லா நடிக்கறாங்க, எழுதறவங்களுக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.

வழிகாட்டியா வர்ற ஆளுக்கு, நாயகன் வழி கத்துக்கிட்ட அன்னிக்கே வேலை முடிஞ்சுடுது. எங்க தொழில்லயும் இதே கதைதான். புது நாட்டுல கிளை திறந்தா முதல் வருஷம் உள்ளூர் ஆளைக் கேக்காம ஒரு பெட்டி நகராது. சுங்கத்துல யாரைப் பாக்கணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சதும் அவரு மீட்டிங்ல ஓரமா உக்காந்து கோப்பி குடிக்கறாரு.

கடைசி வரைக்கும் சொந்த சோலி இருந்த வேற்றுகிரகக் கூட்டாளி எந்த சீரியல்ல இருக்காங்க? ஸ்டார் ட்ரெக் ஸ்போக் வேணாம், அவரை எல்லாருக்கும் தெரியும்.

பிடோக்_பெரியவர்

பாபிலோன் 5 பாரும்மா. 1994லேருந்து 98 வரைக்கும் அஞ்சு சீசன். அதுல நார்ன்ங்கிற வேற்றுகிரக இனத்தோட தூதர் ஜிகார்.

முதல்ல வில்லன் மாதிரிதான் வருவார். பூமிக்காரங்களோட நட்பு கொண்டாட வர்ற ஆள் இல்ல, தன் ஜனத்துக்கு என்ன தேறும்னு கணக்குப் போட்டுக்கிட்டே இருப்பார். ரெண்டாவது சீசன்ல நார்னோட பரம எதிரி சென்டாரிக்காரன் வானத்துலேருந்து பாறையை எறிஞ்சு நார்னைத் தரைமட்டமாக்கறான். நாடும் போச்சு, தூதர் நாற்காலியும் போச்சு. மத்த கதையா இருந்தா அவரைக் கேப்டனுக்கு மெய்க்காப்பாளரா நிறுத்தியிருப்பாங்க. இங்க ஆள் அப்பதான் வளர ஆரம்பிக்கறார்.

ஒரு லிஃப்ட் காட்சி. சென்டாரி தூதரோட உதவியாளர் விர், பாவம், நல்ல மனுஷன். உள்ள ஜிகார் மட்டும் நிக்கறார். விர் திக்கித் திணறி வருத்தம் சொல்றான். ஜிகார் கத்தியை எடுத்துத் தன் உள்ளங்கையைக் கீறிக்கறார். சொட்டுச் சொட்டா ரத்தம் விழுது, ஒவ்வொரு சொட்டுக்கும் செத்தான், செத்தான்னு சொல்லிக்கிட்டே வர்றார். செத்தவங்ககிட்ட போய் நீ எப்படி வருத்தம் சொல்லுவேன்னு கேக்கறார். அந்த லிஃப்ட்ல பூமிக்காரன் ஒருத்தன் கிடையாது. நான் இதைத்தான் அளவுகோலா வெச்சிருக்கேன்: நம்மாள் பக்கத்துல இல்லாதப்பவும் அந்தப் பாத்திரத்துக்குக் காட்சி உண்டா?

ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸுக்கு முகம் பூரா ரப்பர், கண்ணுல சிவப்பு லென்ஸ் வேற. குரலை வெச்சே நம்மை உக்கார வெச்சுடுவார். முதல் சீசன் கொஞ்சம் இழுக்கும், பல்லைக் கடிச்சுக்கோம்மா.

செங்காங்_தம்பி

அக்கா, டெய்லா ஏலியனே இல்ல லா, மனுஷிதான் 😄

ஃபார்ஸ்கேப் பாருங்க (1999–2003). அதுல பைலட்னு ஒண்ணு, மோயாங்கிற உயிருள்ள கப்பலோட பிணைஞ்சு கிடக்கற பெரிய பொம்மை, ஜிம் ஹென்சன் கம்பெனி செஞ்சது. உக்காந்த இடத்தை விட்டு நகராது, ஆனா மனசை அள்ளிடும். முதல் சீசன்லயே ஊருக்குப் போற வரைபடம் கிடைக்கும்னு அதே கப்பல்ல இருக்கற நீலப் பொண்ணு ஜானும் (Zhaan) டார்கோவும் ரைகலும் சேர்ந்து பைலட்டோட ஒரு கையை வெட்டி விக்கறாங்க. வெட்டினது எதிரி இல்லக்கா, கூட்டாளிங்க!

ஏலியன் பாத்திரங்க ஓரமாப் போறதுக்கு வேஷம் போடறதும் ஒரு காரணம். ஜானா நடிச்ச வெர்ஜீனியா ஹே தலையை மழிச்சு உடம்பு பூரா நீலம் பூசணும். அது ஒத்துக்காமப் போனதும் அவங்க மூணாவது சீசன்ல விலகினதுக்கு ஒரு காரணம். எழுத்தாளர் மேல மட்டும் பழி போட முடியாது.

உட்லண்ட்ஸ்_மீனா

நாலாவது சீசனை விட்டுட்டீங்களே. நடிகை கர்ப்பமானதும் அதைக் கதையிலயே சேர்த்தாங்க. அத்தோசியர்கள் காணாமப் போறது, வில்லன் மைக்கேல் குழந்தைக்காகத் துரத்தறது, எல்லாம் டெய்லா கதைதானே.

துவாஸ்_சரக்கு

மீனா, அந்தக் கதையில டெய்லா பாதி நேரம் கைதி. தன் சனத்தைத் தேடிப் போற தலைவியா காட்ட எவ்வளவு இடம் இருந்துச்சு. பிரசவம் பாக்க விஞ்ஞானி மக்கேயை அனுப்பினது மட்டும் எனக்குப் புடிச்சது, அந்த ஆள் பயத்துல உளர்றது அட்டகாசம்.

தம்பி, மனுஷியோ பொம்மையோ, வேற கிரகத்துலேருந்து வந்து கூட நிக்கறவங்களைப் பத்திதான் கேட்டேன். வேஷம்தான் தடைன்னா டெய்லாவுக்கு வேஷமே கிடையாது. அப்பவும் இந்த கதி. கையை வெட்டற எபிசோடு பாத்துட்டுத் திட்டறதா இல்லையான்னு சொல்றேன்.

ஐயா, உங்க அளவுகோலை வெச்சு யோசிச்சா அட்லாண்டிஸ்ல ரெண்டு அத்தோசியர்கள் தனியா பேசற காட்சியே விரல் விட்டு எண்ணிடலாம் போல. அந்த லிஃப்ட் எந்த எபிசோடுல வருது?

பிடோக்_பெரியவர்

ரெண்டாவது சீசன், 'கம்ஸ் தி இன்குவிசிட்டர்'. அதுக்கு முந்தினதுலதான் பாறை எறியறது. ரெண்டையும் சேர்த்தே பாரும்மா. ரயில்ல வேணாம், வீட்டுக்குப் போய்ப் பாரு.