மாதிரி ரயில் கிளப் லேஅவுட்: பலகை இணைப்பில் தடம் புரள்கிறது, கண்காட்சிக்கு மூன்று வாரம்தான்

பாயிண்ட்மேன்:
ஓஓ என்ற மாதிரி ரயில் அளவு, 16.5 மி.மீ. பாதை, டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி எஞ்சினை ஓட்டும் முறை). 120 × 60 செ.மீ. பலகைகள் நான்கு. கழற்றி மறுபடி பூட்டினால் இரண்டாவது, மூன்றாவது பலகைகள் சேரும் இணைப்பில் நீளமான பெட்டிகள் தடம் புரள்கின்றன. அந்த இடம் வளைவு. பலகைகளைப் பிடிப்பது எம்8 போல்ட் இரண்டு. தண்டவாள முனைகளைச் சேர்ப்பது ஃபிஷ்பிளேட் (சிறு உலோக இணைப்புத் தகடு). நான்காவது பலகையில் எஞ்சின் வேகமும் குறைகிறது. முதலில் எதைத் தொடுவது?

ஜல்லிக்காரன்:
போல்ட் பலகையை இறுக்கத்தான், நேர்ப்படுத்த அல்ல. 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 அல்லது 10 மி.மீ. துளை போட்டிருப்பீர்கள். அந்த இடைவெளி அளவுக்குப் பலகை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். பித்தளை டோவல் (ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாக உட்காரும் முளையும் குழியும்) ஜோடி இரண்டு, பலகையின் இரு ஓரமாகத் தள்ளிப் பதியுங்கள்.

அதன்பிறகுதான் தண்டவாளம். ஃபிஷ்பிளேட்டைத் தூக்கிப் போடுங்கள், நாலு முறை கழற்றினாலே தளர்ந்துவிடும். இரு பக்கமும் ஓரத்தில் பிளாஸ்டிக் ஸ்லீப்பர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு தண்டவாளத்தின் கீழும் ஒரு பித்தளை ஸ்க்ரூ. தலை தண்டவாள அடியைத் தொடும் வரை திருகி உயரம் சரிபாருங்கள். பலகைகளைப் பூட்டிய நிலையில், இணைப்பைத் தாண்டி ஒரே துண்டுத் தண்டவாளத்தை வைத்து நான்கு தலைகளிலும் சால்டர் செய்து, கடைசியில் மெல்லிய கட்டிங் டிஸ்கால் வெட்டுங்கள். முதலிலேயே வெட்டிவிட்டுப் பொருத்தப் பார்த்தால் வளைவில் முனை வெளிப்பக்கம் விறைத்து நிற்கும். உங்கள் பெட்டி ஏறுவது அந்த முனையில்தான். வளைவு என்பதால் 3 செ.மீ. உள்ளே இன்னொரு ஸ்க்ரூவும் வேண்டும்.

பாயிண்ட்மேன்:
சால்டர் சூட்டில் பக்கத்து ஸ்லீப்பர் உருகாதா?

ஜல்லிக்காரன்:
சிறிய அயர்னை வைத்து நேரம் போக்கினால் உருகும். 50 வாட் அயர்ன், ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பூச்சு), மூன்று விநாடி. பக்கத்தில் ஈரப் பஞ்சு வையுங்கள்.

செம்புக்கம்பி:
நான்காவது பலகைக்கு வருகிறேன். மின்சாரம் ஃபிஷ்பிளேட் வழியாகத்தான் போகிறது என்று படுகிறது. அடியில் எல்லாப் பலகைக்கும் மின்சாரம் கொண்டுபோகும் தடித்த முதன்மைக் கம்பியாக 2.5 சதுர மி.மீ. பஸ் வயர் ஓட்டி, ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 சதுர மி.மீ. இணைப்பு கொடுங்கள். 0.5-ஐயே பஸ்ஸாக 5 மீட்டர் ஓட்டினால், போக வர 10 மீட்டர், 3 ஆம்பியரில் ஒரு வோல்ட் போய்விடும்.

முடிந்ததும் ஒவ்வொரு பலகையிலும், குறிப்பாகக் கடைசியில், இரு தண்டவாளத்தின் மேல் ஒரு நாணயத்தைக் குறுக்கே வையுங்கள். டிசிசி கட்டுப்பாட்டுக் கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்கவில்லையா, கண்காட்சியில் தடம் புரண்ட எஞ்சின் ஒன்று உருகும். பலகைக்குப் பலகை போகும் பல முனை பிளக்கில் சிக்னல், பாயிண்ட் (தடம் மாற்றி) கம்பிகள் போகட்டும். தண்டவாள மின்சாரத்துக்குத் தனி பிளக்.

நீராவி:
ஜல்லிக்காரன் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு: கால்கள். கண்காட்சித் தளம் சமமாக இருக்காது. காலடியில் திருகு போல்ட் இல்லையென்றால் எவ்வளவு நல்ல டோவலும் இணைப்பின் மேல்பக்கம் வாய் பிளப்பதைத் தடுக்காது. முதலில் மட்டம், பிறகு இறுக்கம்.

புரளும் பெட்டிகளில் ஒரே அச்சின் இரு சக்கரங்களுடைய உள்முகங்களுக்கு இடையேயான தூரத்தையும் அளந்துவிடுங்கள், 14.4 முதல் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். சக்கரம் துடைக்க, டிஷ்யூவை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்துத் தண்டவாளத்தில் விரித்து மேலே உருட்டினால் போதும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், கீறலில்தான் அழுக்கு சேரும். புறப்படும் முன் முழுவதையும் இரண்டு முறையாவது கழற்றிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள்.