பின்னணிப் படம் சுழல்கிறதா, முறை மாறுகிறதா?

வணக்கம். கணினித் திரையின் பின்னணிப் படம் குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானே மாறும் வசதியைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் மொழிபெயர்ப்பு உரையாடலில் ஒருவர் எழுதியது:

> ‘சுழலும் முகப்புப்படம்’ என்றே முடித்துவிடலாம். பயிர்ச் சுழற்சி, சுழற்சி முறையில் மின்வெட்டு எல்லாம் பழகிய சொற்கள்தானே?

பழகியவைதான், மறுக்கவில்லை. போன வாரம் வரை நானும் அதே கட்சி. வீட்டுக் கணினியில் அமைப்புகள் பக்கத்தின் மொழிபெயர்ப்பைத் திருத்தி, ‘பின்னணிப் படங்களைச் சுழற்று’ என்று போட்டுப் பார்த்தேன். அப்பா அதைப் படித்ததும் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். “பேத்தி படமெல்லாம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளுமா?” என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. படம் பார்க்கும் செயலியில் ‘இடப்புறம் சுழற்று’, ‘வலப்புறம் சுழற்று’ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. அதே பட்டியலில் ‘பின்னணியாக அமை’ என்பதும் இருக்கிறது. ஒரே சொல் அங்கே 90 பாகை திருப்புவதற்கும் இங்கே படத்தை மாற்றுவதற்கும் என்றால் அவர் என்ன செய்வார்? மின்வெட்டில் இந்தக் குழப்பம் வராது, மின்சாரத்தை யாரும் படுக்க வைப்பதில்லை.

உள்ளே நடப்பதைப் பார்த்தாலும் எதுவும் சுழலவில்லை. 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7இல் ஒரு கோப்புறையைக் காட்டிவிட்டால் அரை மணிக்கு ஒரு படம் வரும்; வேண்டுமானால் 10 நொடி முதல் ஒரு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு வந்த உபுண்டு 9.10 இயங்குதளத்தில் விண்வெளிப் படங்களின் தொகுப்பு ஒன்று இருந்தது. எந்தப் படம் எவ்வளவு நேரம் என்று குறித்துவைக்கும் அதன் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு படத்துக்கும் 1795 நொடி, அடுத்த படத்துக்கு மாற 5 நொடி என்று எழுதியிருக்கும். கூட்டினால் சரியாக அரை மணி. உனக்கு இவ்வளவு நேரம், பிறகு அடுத்தவருக்கு விடு என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? பெரியாறு கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முறைவைத்துத்தான் பாய்ச்சுகிறார்கள். முறைப்பாசனம் என்று செய்தித்தாளில் வருகிறது. சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதற்கு முறைவாசல் இருந்தது. வயதான தாயை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். (அது நல்ல முறையா என்பது வேறு விவாதம்.) எனவே என் பரிந்துரை ‘முறைவைப்பு’. பட்டியலில் ‘பின்னணி முறைவைப்பு: 30 நிமிடம்’ என்று வரும். கட்டளையாக வேண்டும் என்றால் ‘படங்களை முறைவைத்து மாற்று’.

‘முறைப்படம்’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வேண்டாம். திரையில் யாரோ நம்மை முறைப்பது போலிருக்கிறது. ‘மாறுபடம்’ அதைவிட ஆபத்து, ஓர் உகரம் தவறி விழுந்தால் ‘மாறுபடும்’ ஆகிவிடும்.

பின்னணிப் படத்துக்கு ஆங்கில ‘வால்பேப்பரை’ அப்படியே பெயர்த்த ‘சுவர்த்தாள்’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நம் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம், தாள் ஒட்டவில்லை. ‘பின்னணி’ போதும்.

‘எழினி’ (திரைச்சீலை) என்ற பரிந்துரையைத்தான் விடவும் மனமில்லை, ஏற்கவும் மனமில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்குக்கு ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று திரைகள். ஒளிந்திருந்து வரும் கரந்துவரல் எழினியைப் படிக்கும்போது, கேட்காமலே வந்து நிற்கும் அடுத்த படம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் எழினி ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே தொங்குவது. நம் படமோ திரையில் திறந்திருக்கும் சாளரங்களுக்கெல்லாம் பின்னால் கிடப்பது. அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். “யார் வீட்டுப் பெண்?” என்றார்.

வரிசை பாராமல் படங்களை எடுக்கும் தேர்வுக்கு ‘குலுக்கு’ என்று முன்பு போட்டிருக்கிறோம். குலுக்கல் என்றால் பரிசுச்சீட்டு; ஒரு சீட்டுதான் வெளியே வரும். இங்கே எல்லாப் படமும் வரத்தான் போகிறது, வரிசைதான் மாறுகிறது. சீட்டாடுபவர்கள் சொல்கிற ‘கலைத்துப் போடு’ இதற்குப் பொருந்தும். ‘கலை’ என்று மட்டும் விட்டால் ஓவியக் கலையா என்று கேட்பார்கள், முழுதாகவே போடுவோம்.

‘சுழற்சி’க்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. வழங்கிகளில் (சர்வர்) நடப்பவற்றைக் குறித்துவைக்கும் பழைய பதிவுக் கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குவதையும் ‘சுழற்சி’ என்றுதான் எழுதி வருகிறோம். அங்கும் எதுவும் சுழல்வதில்லை. ஆனால் அங்கே பழைய கோப்பு ஒரு நாள் அழிந்துபோகும், அதன் முறை திரும்ப வராது. ஆகவே ‘முறைவைப்பு’ அதற்குச் சரிப்படுமா என்று எனக்கே ஐயம். வழங்கிகளைப் பராமரிப்பவர்கள் சொல்லுங்கள்.

மறுப்பு வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ‘சுழற்று’, ‘குலுக்கு’ என்ற இரண்டு வரிகளையும் மாற்றிவிடுகிறேன். அந்த 5 நொடியில் ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெளிகிறதே, அதற்கு ‘கரைவு’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். திருப்தியில்லை.