அப்டியல், 1941 மே 21: ஒரே நாளில் நான்கு கப்பல் எப்படிப் போயின?

சுக்கான்:
கடற்கண்ணி (கடலுக்கடியில் கப்பலை வெடிக்க வைக்கும் குண்டு) போடும் பிரிட்டிஷ் போர்க்கப்பலான எச்.எம்.எஸ். அப்டியலின் போர்க்காலப் பணியைத் தேதிவாரியாகத் தொகுக்கிறேன். 1941 மே 21 அதிகாலையில் கிரேக்கத் தீவுகளான கெபலோனியாவுக்கும் லெஃப்கதாவுக்கும் இடையே 150 கண்ணிகளைப் போட்டது. அன்றே இத்தாலிய டெஸ்ட்ராயர் கார்லோ மிராபெல்லோ, பீரங்கிப் படகு மத்தேயுச்சி, ஜெர்மன் சரக்குக் கப்பல்கள் கிப்ஃபெல்ஸ், மார்பர்க் நான்கும் மூழ்கின. இருட்டில் இத்தனையை இறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? பிறகு, கண்ணி போடும் கப்பலே 1943-இல் இத்தாலியின் டரன்டோ துறைமுகத்தில் கண்ணிக்குப் பலியானது ஏன்?

நங்கூரம்:
நேரக் கணக்கு எளிது. 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) வேகத்தில் கப்பல் நொடிக்கு 6.2 மீட்டர் போகும். கண்ணிக்குக் கண்ணி 45 மீட்டர் இடைவெளி என்று வைத்தால் ஏழு நொடிக்கு ஒன்று விழ வேண்டும். 150-க்கும் 19 நிமிடத்துக்குள் வேலை முடியும், வரிசை ஏறக்குறைய 6.7 கி.மீ. நீளும். (இடைவெளியும் வேகமும் உதாரணத்துக்கு எடுத்தவை.)

இந்த வகைக் கப்பலில் கண்ணிகள் மூடிய டெக்குக்குள் தண்டவாளத்தில் நிற்கும். கண்ணியைக் கடல் தரையோடு பிடித்து வைக்கும் எடைப்பெட்டிக்கே சக்கரம் உண்டு. பின்புறக் கதவு வழியாக ஒவ்வொன்றாகக் கடலில் தள்ளுவார்கள்.

விழுந்த பிறகு நடப்பதுதான் நுட்பம். பெட்டிக்குக் கீழே ஒரு சிறு எடை கயிற்றில் தொங்கும். கண்ணி எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டுமோ அதுவே அந்தக் கயிற்றின் நீளம். மிதக்கும் கண்ணிக்கும் மூழ்கும் பெட்டிக்கும் நடுவே கம்பி உருளையிலிருந்து விடுபட்டுக்கொண்டே போகும். சிறு எடை கடல் தரையைத் தொட்டதும் உருளை பூட்டிக்கொள்ளும். பெட்டி மிச்சமுள்ள அந்த 3 மீட்டரோ 4 மீட்டரோ இறங்கும்போது கண்ணியையும் அதே அளவு கீழே இழுத்துவிடும். உருளை முன்னதாகவே சிக்கினால் கண்ணி மிகவும் ஆழத்துக்குப் போய்விடும், கப்பல் மேலே பத்திரமாகக் கடந்துவிடும். பூட்டாமலே விட்டால் கண்ணி மேற்பரப்பில் மிதந்து, போட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

நான்கும் ஒரே நாளில் போனதற்குக் காரணம், கிரேக்கத் துறைமுகம் பத்ராஸிலிருந்து டரன்டோ போகும் வழியிலேயே கண்ணி கிடந்ததுதான். கிப்ஃபெல்ஸும் மார்பர்க்கும் கிரேக்கப் போர் முடிந்து ஜெர்மனியின் 2-ஆம் பான்சர் (டாங்கி) டிவிஷனின் தளவாடங்களை ஏற்றிப்போயின.

கொடிமரம்:
டரன்டோ விஷயம். 1943 செப்டம்பர் 9 அன்று துறைமுகத்தை விட்டு ஓடிய எஸ்-54, எஸ்-61 என்ற ஜெர்மன் டார்பிடோ படகுகள் போகிற போக்கில் கண்ணி போட்டுவிட்டன. பாராசூட் படையினரோடு வந்த அப்டியல் அதே இடத்தில் நங்கூரமிட்டது. நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப வட்டமாகச் சுற்றும். ஓடும் கப்பல் ஒரு கோட்டைத்தான் கடக்கும், இது ஒரு முழு வட்டத்தையே துழாவிவிடும். 10-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் வெடித்தது, சில நிமிடங்களில் மூழ்கியது. கப்பல் பணியாளரில் மட்டும் 48 பேர் இறந்தார்கள்.

வெடித்த இடத்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: இந்த வகைக் கப்பலில் கண்ணிகள் நிற்கும், குறுக்குத் தடுப்பே இல்லாத நீண்ட டெக். மால்டா தீவுக்கு டன் கணக்கில் சரக்கு கொண்டுபோக உதவிய அதே இடம், தண்ணீர் புகுந்தால் ஒரு பக்கமாகச் சரிந்து கப்பலையே கவிழ்த்துவிடும். இதே வகையைச் சேர்ந்த எச்.எம்.எஸ். வெல்ஷ்மன் 1943 பிப்ரவரி 1 அன்று லிபியாவின் டோப்ரூக் அருகே யூ-617 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோவில் அடிபட்டு, இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்து, பிறகு திடீரென்று கவிழ்ந்தது அப்படித்தான்.

சுக்கான்:
நன்றி. அப்டியலின் வேகம் 40 நாட் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்களே?

நங்கூரம்:
அது சுமையில்லாத நிலைக்கான திட்ட வேகம். கண்ணியும் எரிபொருளும் ஏறினால் குறையும். அட்டவணையில் "40" என்று மட்டும் போடாதீர்கள். இதே வகைக் கப்பலான லடோனாவையும் கண்ணி போட்ட கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒரு கண்ணிகூடப் போடாமல், டோப்ரூக்குக்குச் சரக்கு கொண்டுபோகும் வழியில் 1941 அக்டோபர் 25 அன்று விமானத் தாக்குதலில் எரிந்துபோனது.