அமெரிக்காவில் குடியேற்றப் பேப்பர் இல்லாமல் படிப்பவர்கள்: காலேஜில் மனநலக் கவுன்சிலிங் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

அப்பாயி பேரன்

எனக்கு டாக்கா (சின்ன வயதில் வந்து பேப்பர் இல்லாமல் இருப்பவர்களை நாடுகடத்தாமல் வேலை செய்யவும் விடும் திட்டம்) கிடையாது, 2007-க்கு அப்புறம் வந்து இறங்கிய கேஸ் என்பதால். கலிஃபோர்னியா என்பதால் ஏபி 540 என்ற மாநிலச் சட்டத்தின் புண்ணியத்தில் உள்ளூர்க் கட்டணத்தில் படிப்பு ஓடுகிறது. போன செமஸ்டரில் தஞ்சாவூரில் அப்பாயி இறந்துவிட்டார்கள். சித்தப்பா கொள்ளி வைத்ததை வாட்ஸப்பில்தான் பார்த்தோம். ஃபோனைப் பிடித்திருந்த அத்தை பையனுக்கு நடுவில் சார்ஜ் தீர்ந்து அதுவும் கட்டாகிவிட்டது. அதிலிருந்து தூக்கம் இல்லை, கேம்பஸ் கவுன்சிலிங் போனேன்.

அந்த அம்மா நல்லவர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வாரம் ஊருக்குப் போய் குடும்பத்தோடு இருந்துவிட்டு வா, புரொஃபசர்களுக்கு நான் லெட்டர் தருகிறேன்" என்றார். சொல்லிக்கொண்டே டைப் அடிக்கவும் ஆரம்பித்துவிட்டார். வெளியே போனால் பத்து வருஷம் உள்ளே வர முடியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "மிட்டெர்ம் இருக்கு" என்றேன். கீபோர்ட் நின்றது. அப்புறம் வேறு ஏதோ அடித்தார். படிப்பைச் சாக்கு வைத்துத் துக்கத்திலிருந்து ஓடுகிறான் என்று எழுதியிருப்பார் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. மறுபடி போகவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி?

ஃப்ரீமாண்ட் அக்கா

தம்பி, நான் டாக்கா. அப்பாவுக்கு 2009-ல் வேலை போய், எச்-4 (அப்பாவின் வேலை விசாவை ஒட்டிக் குடும்பத்துக்குக் கிடைக்கும் விசா) காலாவதியாகி, அப்படியே நின்றுவிட்டோம். 2017 செப்டம்பர் 5-ஆம் தேதி டாக்காவை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்களே, அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் காலேஜில் பேப்பர் இல்லாத மாணவர்களுக்காக ஒரு கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார். அழுது முகமெல்லாம் வீங்கிப்போய் உள்ளே நுழைகிறேன், வாசலில் இருந்த பெண் சிரித்த முகமாக ஒரு தாளை நீட்டினாள். உதவிக்கு வந்த தன்னார்வலர்கள் கையெழுத்துப் போடும் தாள்! இந்திய முகம் என்றால் உதவி செய்யத்தான் வந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசிவரை எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எச்4_பையன்

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். எச்-4 பிள்ளைகளையும் இதையும் கலக்க வேண்டாம். நாங்கள் ஒருநாள்கூட ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் அனுமதி) விட்டதில்லை. அப்படி இருந்தும் 21 வயது முடிந்தால் வெளியே போ என்கிறார்கள். டாக்காவை அறிவித்த 2012 ஜூன் 15 அன்று ஸ்டேட்டஸ் இருந்த ஒரே காரணத்தால் டாக்காவும் கிடையாது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுகிற டென்ஷனில் கவுன்சிலிங் போனால், அந்த ஆள் "பிறந்தநாளை நினைத்து ஏன் இவ்வளவு பயம்?" என்று கேட்கிறார். எச்-4 என்றால் என்ன என்று விளக்கியே அந்த மணி நேரம் முடிந்துவிட்டது.

ஃப்ரீமாண்ட் அக்கா

கலக்க வேண்டாமா? நாங்களும் விசா குத்திய பாஸ்போர்ட்டோடு ஃபிளைட்டில் வந்து இறங்கியவர்கள்தான் கண்ணா. எங்கள் அப்பாவுக்கு வேலை போனது, உங்கள் அப்பாவுக்குப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கோவில் பார்க்கிங்கில் ஆன்ட்டிகள் பேசுகிற பேச்சை இங்கேயும் கொண்டுவராதீர்கள்.

பே ஏரியா மாமா

சண்டை வேண்டாம். எனக்கு இதில் சொந்த அனுபவம் இல்லை, அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் பேரன் தம்பி செய்தது சரியில்லை என்பேன். ஸ்டேட்டஸைச் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? லைசென்ஸ் வாங்கிய தெரபிஸ்ட் நீ சொன்னதை வெளியே சொல்லக்கூடாது. உன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக் கொடுமை, கோர்ட் உத்தரவு, இந்த மாதிரி சமயங்களில்தான் விதிவிலக்கு. பேப்பர் இல்லை என்பதை யாருக்கும் ரிப்போர்ட் செய்ய வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. பயமாக இருந்தால், "இதைக் குறிப்பில் எழுதாதீர்கள்" என்று முதலிலேயே கேள், பல பேர் ஒத்துக்கொள்வார்கள். அப்புறம், வெளியே தெரபி போனால் பில் யார் பெயரில் வருகிறது என்று பார். அப்பா இன்ஷூரன்ஸில் இருந்தால் எங்கே போனாய் என்ற விவரம் வீட்டுக்குத் தபாலில் வந்துவிடும். பேப்பர் இல்லாமல் ஒபாமாகேர் இன்ஷூரன்ஸ் சந்தையில் பாலிசி வாங்க முடியாது. கலிஃபோர்னியா அரசின் மருத்துவ உதவியான மெடி-காலை 2020-லேயே 26 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பேப்பர் பார்க்காமல் கொடுத்தார்கள், ஆனால் 19 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் புதிதாகச் சேருவதை 2026 ஜனவரியோடு நிறுத்தியாகிவிட்டது. ஏற்கெனவே இருந்தால் ரின்யூவலைத் தவறவிடாதே, விட்டால் மறுபடி சேருவது கஷ்டம். ராத்திரியில் ரொம்ப முடியவில்லை என்றால் 988 என்ற மனநல அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிடு. யோகாவும் செய்யலாம்.

ஹூஸ்டன்காரன்

யோகாவா! மாமா, எனக்கு அதைத்தான் கொடுத்தார்கள். டெக்சாஸில் 2001-லிருந்து எங்களுக்கு உள்ளூர்க் கட்டணம் இருந்தது, 2025 ஜூனில் கோர்ட் மூலமாக அது போய்விட்டது. கட்டண பாக்கி ஃபோன் திரையில் திறந்தபடி என் மடியில் கிடக்கிறது. எதிரே இருந்தவர், "நாலு எண்ணி மூச்சை இழு, நாலு எண்ணிப் பிடி" என்கிறார். இழுத்தேன். நடுவில் திரை அணைந்துவிட்டது, அதைத் தட்டி எழுப்பி இன்னொரு தடவை அந்தத் தொகையைப் பார்த்துக்கொண்டேன். அவரும் கவனித்தார். "வேண்டுமென்றால் ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீசில் கேட்டுப் பாரேன்" என்றார். ஃபெடரல் எய்ட் (மத்திய அரசின் படிப்பு உதவி) எங்களுக்கு என்றைக்குமே கிடையாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

சும்மா படிப்பவள்

எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "அங்கே எதிலாவது கையெழுத்துப் போட்டியா? அட்ரஸ் கொடுத்தியா?" இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். சாமி ரூமில் நின்றுகொண்டு.

அப்பாயி பேரன்

மாமா, விவரத்துக்கு நன்றி, மெடி-கால் தேதியைப் பார்த்துக்கொள்கிறேன். நான் கேட்டது வேறு. அக்காவுக்கு நடந்ததைப் படித்ததும் கொஞ்சம் லேசாக இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் யாராவது சொல்லுங்கள்: அதே சென்டரில் வேறு கவுன்சிலரைக் கேட்டால், பழைய குறிப்பை அவரும் படிப்பாரா, இல்லை அப்பாயியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டுமா?