புதுப்பிப்பு: ஃபாக் லைட் மினுக்குனது சரியாச்சு
போன வாரம் கேட்டிருந்தேன்லா, வண்டில புதுசா போட்ட எல்இடி ஃபாக் லைட்டுல (பனிமூட்டத்துக்குப் போடுற லைட்டு) இடது பக்கம் மட்டும் மினுக்குது, ரிலே (லைட்டுக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) மாத்தியும் போகலன்னு. சரியாச்சு, எல்லாருக்கும் நன்றி. எர்த்த, அதாவது லைட்டோட நெகட்டிவ் வயர வண்டி பாடியில முறுக்குற இடத்த, பாருங்கன்னு சொன்ன அண்ணனுக்குத்தான் முழு மார்க்கும். லைட்ட போட்டுட்டு அதோட நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சா 1.9 வோல்ட் காட்டுச்சு, கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வரணும். கழட்டிப் பாத்தா ஃபிட் பண்ணுனவங்க பெயிண்ட் மேலயே எர்த் போல்ட்ட முறுக்கி வச்சிருக்காங்க, பெயிண்ட் வழியா கரண்ட் போகாதுல்லா, போதாததுக்கு நம்ம குளச்சல் உப்புக்காத்து வேற, ஒரே பச்சைக் களிம்பு. பெயிண்ட சுரண்டி, வயர் நுனில புது லக் (போல்ட்டுல மாட்டுற வளையம்) போட்டு, மேல கிரீஸ் தடவுனேன், இப்பம் 0.1 தான். எதிர்பாக்காத ஒண்ணு, லைட்ட போட்டா எஃப்எம் இரையுது. வயர்ல ஃபெரைட் கிளிப் (இரைச்சல அமுக்குற காந்தப் பொருள் கிளிப்) மாட்டுனதுல பாதி கொறஞ்சிருக்கு, மீதி இருந்துட்டுப் போட்டும்.