காசிமேட்டு உப்புக்காற்றில் கார்பன் ஃபைபர் தாங்குமா?

கடலோரப்பையன்:
எங்கள் ஃபைபர் போட்டில் இன்ஜின் மாட்டும் இடம் விரிசல் விட்டது. கண்ணாடி இழை விரிப்பான கிளாஸ் மேட்டுக்குப் பதில் கார்பன் இழைத் துணி போட்டு எப்பாக்ஸிப் பிசினில் ஒட்டி, அலுமினியப் பிராக்கெட்டை நேராக அதன்மேல் வைத்து முடுக்கினோம். ஒரு மழைக்காலம்கூடத் தாண்டவில்லை. பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி, போல்ட் ஓட்டை பெரிதாகிவிட்டது. கார்பன் துருப்பிடிக்காது என்று இங்கே சொன்ன அண்ணன் எங்கே?

பிசின்வாளி:
இங்கேதான் இருக்கிறேன். கார்பனா துருப்பிடித்தது? அலுமினியம்தானே அரித்தது! கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். அதுவும் அலுமினியமும் உப்புநீரில் சேர்ந்து நனைந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் கரையும். நடுவில் ஒரு அடுக்கு கிளாஸ் மேட் போட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. போயிங் 787 எடையில் பாதி இந்த மாதிரி இழையும் பிசினும் சேர்ந்த கலவைப் பொருள்தான், பறக்கவில்லையா?

எண்ணூர்க்காத்து:
நல்ல மாப்பிள்ளைதான், பக்கத்தில் உட்கார்ந்தவனை மட்டும் கடிப்பான் என்கிறீர்கள். அந்த விமானத்தில் கார்பனைத் தொடும் இடங்களில் டைட்டானியம் போடுகிறார்கள் தம்பி. காசிமேட்டில் யார் டைட்டானியம் போல்ட் வாங்குவது? அப்புறம் வெயில். சூடு கொடுக்காமல் இறுகவிட்ட எப்பாக்ஸி பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஈரம் குடித்துவிட்டால் அதற்கும் முன்பே. கத்திரி வெயிலில் கறுப்புப் பரப்பில் கை வைத்துப் பாருங்கள்.

பிசின்வாளி:
வெள்ளை பெயிண்ட் அடித்தால் சூடும் குறையும், புற ஊதாக் கதிரில் பிசின் பொடிவதும் நிற்கும். கடலில் நிற்கும் பெரிய காற்றாலை இறக்கைகள் பலவற்றில் முதுகெலும்பே கார்பன்தான் அண்ணே. அதற்கென்ன, ஏசி போட்டா வைத்திருக்கிறார்கள்?

எண்ணூர்க்காத்து:
2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி நொறுங்கி 5 பேர் செத்தார்களே, அதன் உடம்பும் கார்பன்தான்.

பிசின்வாளி:
டைட்டானிக் கப்பல் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். கார்பன் இழுவைக்குத்தான் ராஜா, அமுக்கத்துக்கு அந்த அளவு இல்லை. நம் போட் மிதக்கிறது அண்ணே, முங்கவில்லை.

எண்ணூர்க்காத்து:
சரி, ஆழத்தை விடுங்கள். டைட்டன் உடம்புக்குள் கார்பன் அடுக்குகள் பிரிந்ததுபோல இங்கேயும் பிரியும், நமக்குத் தெரியாது. என் பயம் அதுதான். துறைமுகத்தில் போட்டும் போட்டும் இடிக்காத நாள் உண்டா? பெயிண்ட் இல்லாத இடத்தில் கிளாஸ் ஃபைபர் அடி வாங்கினால் வெள்ளையாகக் கன்றிக் காட்டிவிடும். கார்பன் கறுப்பு, உள்ளே பிரிந்தாலும் வெளியே பளபளவென்று இருக்கும்.

பிசின்வாளி:
அது நியாயம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையா, ஒரு ரூபாய்க் காசால் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது.

கடலோரப்பையன்:
தட்டினேன். போல்ட்டைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு மந்தமாகத்தான் கேட்கிறது. நாளைக்குக் கடலுக்குப் போகவில்லை. ராயபுரம் பக்கம் கிளாஸ் மேட் சில்லறையாக எங்கே கிடைக்கும்?